விற்ற மறுநாள் காலையில்

ஜூன் 10, திங்கள்

வேலையில் சேர்ந்தாயிற்று. ஆழ்வார்பேட்டையில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இரண்டாம் மாடி. மொத்தம் ஒன்பது பேர். எட்டுப் பேர் சி.ஏ. அல்லது எம்.பி.ஏ. மிச்சம் ஒரு ஆள் நான்: ஜெசிந்தா, எம்.ஏ. தத்துவம், பாளையங்கோட்டை.

எங்கள் கம்பெனி செய்கிற வேலை இது. யாராவது தன் தொழிலை விற்க நினைத்தால், வாங்க ஆள் பிடித்து, விலை பேசி, கையெழுத்து வரை கூட்டிக்கொண்டு போக வேண்டும். இதற்கு இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் என்று பெயர். அம்மாவுக்கு போனில் பொறுமையாக விளக்கினேன். "பேங்குன்னுதானட்டி சொன்ன? இது புரோக்கர் வேலையால்லா இருக்கு" என்றாள். சேருவதற்கு முன் இது புரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அவளுக்கு ஐந்து நிமிடம்.

கம்பெனியை ஆரம்பித்தவர் பூர்ணிமா மேடம். பெரிய பேங்க் வேலையை உதறிவிட்டு வந்தவர். நாற்பது நாற்பத்திரண்டு இருக்கும். என்னை எடுத்தது முழுக்க அவருடைய பிடிவாதமாம். மற்ற யாருக்கும் சம்மதமில்லை என்று முதல் நாளே என் காதில் விழுந்துவிட்டது. மேடம் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "ஆறு மாசம் பார்ப்போம். உன்னால ஒரு டீலுக்காவது நல்லது நடக்கணும். நடந்தா நிரந்தரம். இல்லேன்னா மனஸ்தாபம் இல்லாம பிரிஞ்சிடலாம்."

இரண்டு வருடம் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியிருக்கிறேன், விரிவுரையாளர் வேலைக்கு. என்னை வேண்டும் என்று சொன்ன முதல் இடம் இதுதான். இதை விடக் கூடாது.

ஜூன் 13, வியாழன்

என் மவுஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இது இந்தத் தொழிலின் வழக்கமாம். புதிதாக வருகிறவர்கள் எக்செல் முழுவதையும் கீபோர்டிலேயே ஓட்டப் பழக வேண்டும். பக்கத்து மேஜை வசீகரன் வந்தான், ஒயரை உருவினான், சுருட்டித் தன் டிராயரில் போட்டுப் பூட்டினான். "பழகிடும், தத்துவம்" என்றான். சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுக்க என் பெயர் தத்துவம் ஆகிவிட்டது. டீ கொண்டுவருகிறவர் உட்பட.

ஜூன் 28, வெள்ளி

எபிட்டா என்கிற லாபக் கணக்கு என்னவென்று இன்று காலை புரிந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிட்டது.

ஜூலை 16, செவ்வாய்

நான் செய்த ஸ்லைடில் கம்பெனி முத்திரைகள் ஒரே வரிசையில் இல்லை என்று மேடம் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பினார். எனக்கு எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. இருத்தல் என்றால் என்ன என்று ஐந்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவளுக்கு இந்தக் கதி.

வசீகரனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. திருச்சிக்காரன். சி.ஏ. தேர்வில் மூன்றாவது முறை தேறியதை ஒளிக்காமல் சொல்கிறான். தயிர்சாதத்துக்கு மாதுளை முத்து போட்டுக் கொண்டுவருகிறான், தானே உரிக்கிறானாம். நான் டீ குடிக்கப் போய்வருவதற்குள் அந்த முத்திரைகளை நேராக்கி வைத்திருந்தான். நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நீலச் சட்டை அவனுக்குப் பொருந்துவதில்லை என்று யாராவது அவனிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 7, புதன்

எனக்கு ஒரு டீல் கிடைத்திருக்கிறது. அதாவது மேடத்துக்குக் கிடைத்த டீலில் என்னையும் சேர்த்திருக்கிறார். "இதுதான் உன்னோட டீல். இதுல காட்டு" என்றார். ஆக, என் ஆறு மாதம் இதில்தான் தொங்குகிறது.

ராஜபாளையம் பக்கம் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி செய்கிற கம்பெனி. பெயரை வெளியில் சொல்லக் கூடாது, எழுதவும் கூடாது. எந்த டீலுக்கும் ஒரு மறைபெயர் வைத்து அதைத்தான் புழங்க வேண்டும். வசீகரன் இதற்கு 'பஞ்சு' என்று வைத்தான். நான் சொன்ன சமஸ்கிருதப் பெயரைக் கேட்டுவிட்டு மேடம் "வாய் வலிக்குது" என்றார்.

பஞ்சின் முதலாளிகள் இரண்டு பெண்கள். ஓரகத்திகள். அண்ணன் தம்பி இருவர் ஆரம்பித்த தொழில். அண்ணன் இறந்துவிட்டார். தம்பிக்குக் கோயில் திருப்பணியில்தான் நாட்டம். மூத்த மருமகள் குருவம்மாளும் இளையவர் சொர்ணமும் எடுத்து நடத்தி, சின்னத் தறிக்கூடத்தை மாநிலம் மாநிலமாகச் சரக்கு அனுப்புகிற கம்பெனி ஆக்கியிருக்கிறார்கள். இப்போது விற்க வேண்டுமாம். புனேயில் ஒரு பெரிய கம்பெனி வாங்கத் தயார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மில்லுக்குப் போய்வந்தோம், மேடமும் நானும். தறிச் சத்தத்தில் காது இன்னும் அடைத்திருக்கிறது.

குருவம்மாள் தறிகளையும் ஆட்களையும் பார்க்கிறார். சொர்ணம் ஆர்டர், வரவு செலவு. ஒரே அறை, எதிரெதிர் மேஜை. ஆனால் ஒருவரோடொருவர் நேராகப் பேசிக்கொள்வதே இல்லை. நடுவில் யாராவது வேண்டும். இன்று நான் அகப்பட்டேன்.

"ஏம்மா, அக்காவுக்கு மோர் வேணுமான்னு கேளு" என்றார் சொர்ணம். அக்கா மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார்.

"வேணும்னு சொல்லு தாயி. உப்பு கம்மியாப் போடச் சொல்லு. நேத்து கடல்தண்ணி மாதிரி இருந்துச்சு."

"நேத்து மோரு நா கலக்கலைன்னு சொல்லும்மா."

நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலி வந்தது. சண்டையா என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். "அதெல்லாம் இல்லைங்க, அவுக ரெண்டு பேரும் எப்பவும் இப்படித்தான்" என்றார். சாப்பிடும்போது குருவம்மாள் கூட்டிலிருந்து கத்தரிக்காயைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். சொர்ணம் பேசாமல் அதை எடுத்துச் சாப்பிட்டார். சென்னைக்குத் திரும்புகிற வழியெல்லாம் எனக்கு அந்தக் கத்தரிக்காய்தான் ஞாபகம். மேடம் லாப விகிதம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 9, திங்கள்

எனக்குப் பதவி கிடைத்தது. நான்தான் புனேக்காரி.

விஷயம் இது. வாங்குகிறவர்கள் நேரில் வந்து முதலாளிகளைக் கேள்வி கேட்பார்கள். அதற்கு முன்னால் நாங்கள் ஒத்திகை பார்க்க வேண்டும். எங்களில் ஒருவர் வாங்குகிறவராக உட்கார்ந்து குடைய வேண்டும். "எக்செல்ல உன்னால எனக்கு நாலு நாள் ஆயுசு குறையுது. கேள்வி கேக்கறதையாவது நீ பண்ணு" என்றார் மேடம். இன்று வசீகரனை உட்கார வைத்து மாதிரிக்குக் கேட்டேன். கால் மணி நேரத்தில் வேர்த்துவிட்டது அவனுக்கு. "உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்" என்றான். நீலச் சட்டைதான் போட்டிருந்தான். அவ்வளவு மோசமில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஒத்திகைக்காக ஓரகத்திகள் சென்னை வந்திருக்கிறார்கள். முதலில் தனித்தனியாகக் கேட்போம். இருவர் பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு சேர்த்து உட்கார வைப்போம். அதுதான் முறை.

காலையில் குருவம்மாள். தறி, ஆட்கள், மின்சாரம் எல்லாவற்றுக்கும் பட்பட்டென்று பதில். "ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டேன். எல்லா வாங்குபவரும் கேட்கிற கேள்வி. கொஞ்ச நேரம் முந்தானை நுனியைத் திருகினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"சொர்ணத்துக்கு ஒரே மக, ஓசூர்ல இருக்கா. பேரப்பிள்ளைகளோட போயி இருக்கணும்னு அவளுக்கு ஆசை. நா இந்த மில்லுல கெடக்குற வரைக்கும் என்னைய ஒத்தையில விட்டுட்டுப் போக மாட்டா. வித்துட்டா போயிருவா. அதான் நானே விப்போம்னேன். இதை அவகிட்ட சொல்லிராத தாயி."

மதியம் சொர்ணம். அதே கேள்வி. அவரும் கதவைப் பார்த்தார்.

"அக்காவுக்கு சர்க்கரை, முட்டி வேற போச்சு. மில்லு இருந்தா காலையில கெளம்பி வந்துருவாக, நம்ம சொன்னாக் கேக்க மாட்டாக. விப்போம்னு அவுகளே ஆரம்பிச்சாக. அப்படின்னா எம்புட்டு முடியாமப் போயிருக்கணும்! நா மறுபேச்சே பேசல. எனக்கென்னம்மா, நா சாகுற வரைக்கும் அந்த மேசையிலயே இருப்பேன். அக்காகிட்ட சொல்லிராத."

இருவருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். டீ ஆறிப்போனது. மேடத்திடம் போய் என்ன சொல்வது?

செப்டம்பர் 25, புதன்

மேடத்திடம் "பதில் ரெண்டும் சரியாப் பொருந்தலை" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. "பொருந்தற மாதிரி ஒண்ணு நீயே எழுதிக் குடு. ரெண்டு பேரும் மனப்பாடம் பண்ணட்டும்" என்றார்.

அதற்கு மேலும் சொல்லியிருக்கலாம். மேடத்துக்கு விலைதான் கணக்கு, கத்தரிக்காய் எல்லாம் புரியாது. சொன்னால் இந்த விஷயத்தை வெளியே விடாதே என்பார். அதை அவர் வாயால் கேட்க எனக்கு விருப்பமில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

எழுதிக் கொடுத்தேன். "இது எங்க கையில வளந்த பிள்ளை. எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிக் குடுத்துட்டோம். இனி பெரிய பள்ளிக்கூடத்துல சேத்தாத்தான் மேல வரும்." மேடம் இரண்டு முறை படித்தார். "உன் படிப்பு முதல் தடவையா எனக்கு உபயோகப்படுது" என்றார். சிரித்தும்விட்டார். அவர் சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் கன்னத்தில் குழி விழுகிறது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. நிரந்தரம் ஆகிவிடும் என்று வசீகரன் சொன்னான். எழுதிக் கொடுத்தது உண்மையில்லை என்பதுதான் உறுத்தியது.

அக்டோபர் 4, வெள்ளி

குளிக்கும்போது ஒரு கேள்வி தோன்றியது. சாதாரணக் கேள்விதான். யார் ரகசியமும் அதில் இல்லை. வாங்க வருகிறவர் யாரும் கேட்கக்கூடியதே. துவைக்கும்போதும் அதுவே வாயில் ஓடியது. ஒரு வார்த்தையை மாற்றினால் இன்னும் நன்றாக இருந்தது. ஆனால் மேடம் ஒப்புதல் கொடுத்த பட்டியலில் அது இல்லை. சேர்க்கவும் இல்லை.

அக்டோபர் 7, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இருவரையும் சேர்த்து வைத்து ஒத்திகை. வியாழக்கிழமை புனேக்காரர்கள் வருகிறார்கள், அதற்கு முன் கடைசி. ஓரகத்திகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், இருவரும் பட்டுப்புடவையில். எதிரில் புனேக்காரியாக நான். மூலையில் மேடமும் வசீகரனும்.

"ஏன் விக்கிறீங்க?"

குருவம்மாள் என் பதிலைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். தவறே இல்லை. மேடம் தலையாட்டினார். அடுத்த கேள்விக்குப் போயிருக்க வேண்டும். எப்படி வாய் தவறியதோ தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"வித்த மறுநாள் காலையில எந்திரிச்சு நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க?"

மேடத்தின் பேனா நின்றது.

"இவ ஓசூருக்குப் போயிருவா" என்றார் குருவம்மாள், என்னைப் பார்த்து. "நா வீட்ல இருப்பேன்."

"ஓசூருக்கா?" சொர்ணமும் என்னைப் பார்த்தார். "நா எதுக்கும்மா ஓசூருக்குப் போறேன்? மாடி வீட்டுக்குள்ள நாலு நாள் இருந்தா எனக்கு மூச்சு முட்டும். அக்காவுக்குத்தான் முட்டி வலி, அவுக ஒக்காரட்டும்னு..."

"முட்டி வலிக்குன்னு எவ அழுதா? மில்லுல நின்னா ஒரு வலி, வீட்ல ஒக்காந்தா ரெண்டு வலி. ஒக்காந்து என்னத்தப் பண்ண, செவத்தையா பாக்க?"

"அப்ப விப்போம்னு யாரு ஆரம்பிச்சா?" சொர்ணம் என்னை விட்டுவிட்டு நாற்காலியோடு அந்தப் பக்கம் திரும்பினார். "நீங்கதான ஆரம்பிச்சீக?"

"ஒனக்காகத்தான்டி கிறுக்கி!"

"எனக்காகவா? நா கேட்டேனா?"

"கேட்டாத்தானா? நீ வாயத் தொறந்து எதக் கேட்டிருக்க, கல்யாணமாகி வந்ததுல இருந்து?"

"நீங்க மட்டும் சொன்னீகளாக்கும்!"

நடுவில் ஆளில்லாமல் அவர்கள் பேசி இன்றுதான் பார்த்தேன். கத்தினார்கள். கீழே பல் டாக்டரின் உதவியாளர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு சொர்ணம் அழுதார், குருவம்மாள் தன் பட்டு முந்தானையால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டார். எனக்கும் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மறைக்க மானிட்டரின் பின்னால் குனிந்தேன்.

குருவம்மாள் எழுந்து நின்றார். "ஏம்மா பூர்ணிமா, மனசுல வச்சுக்காத. அந்தப் புனேக்காரவுகள வர வேண்டாம்னு சொல்லிரு. நாங்க ஊருக்குப் போறோம்."

மேடம் லிஃப்ட் வரை போய் அனுப்பிவைத்தார். திரும்பி வந்து தன் அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். என்னைப் பார்க்கவே இல்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

மேடம் நாள் முழுக்க போனில். புனேக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்கிற குரல் கதவுக்கு வெளியே கேட்டது.

"அந்தக் கேள்வி எங்கேருந்து வந்துச்சு?" என்றான் வசீகரன்.

"வாய் தவறிடுச்சு."

"உன் வாய் தவறி நான் பார்த்ததில்லையே."

பிறகு மெதுவாகச் சொன்னான். இந்த வருடம் இதுவரை எங்களுக்கு ஒரு டீலும் முடியவில்லை. பஞ்சு முடியும் என்ற நம்பிக்கையில்தான் மேடம் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தாராம். தன் சம்பளத்தைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லையாம். எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. அந்தக் கிழவிகள் போகும்போது லிஃப்டுக்குள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் சந்தோஷம். மேடத்தை நினைத்தால் அது நிற்பதில்லை.

அக்டோபர் 9, புதன்

ராஜினாமாக் கடிதம் எழுதினேன். எங்கே சுற்றினாலும் அதுதான் முடிவு. அவர் வாயால் சொல்ல வைத்து அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். மவுஸை வசீகரன் திருப்பிக் கொடுத்தான். அதைப் பார்த்து அழுகை வந்தது.

அக்டோபர் 10, வியாழன்

காலையில் முதல் வேலையாகக் கடிதத்தைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். மேடம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எதுக்கு இது?"

"நீங்க எப்படியும் என்னை அனுப்பிடுவீங்க மேடம்."

"நான் சொன்னேனா?"

"இல்லை."

"நீ கேட்டியா?"

"...இல்லை."

"நேத்து குருவம்மா போன் பண்ணினாங்க. ஒரு மணி நேரம் பேசினாங்க. தனித்தனியா ரெண்டு பேரும் உன்கிட்ட என்ன சொன்னாங்கன்னு எல்லாத்தையும் சொன்னாங்க. அந்தப் பிள்ளையை ஏசாதீங்கன்னும் சொன்னாங்க." கடிதத்தை நாலாக மடித்தார். "உனக்குப் பதினைஞ்சு நாளாத் தெரிஞ்சிருக்கு. ஏன் என்கிட்ட வரலை?"

வாக்குக் கொடுத்திருந்தேன் என்று ஆரம்பித்தேன். அதற்குள் எனக்கே அது பாதிப் பதில் என்று தெரிந்தது. "அந்தக் கேள்வியை நீங்க கேக்க விட மாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றேன்.

"அந்த ரெண்டு பேரையும் பார்த்தே இல்ல. பக்கத்துலேயே உட்கார்ந்துக்கிட்டு, கேக்காமலேயே ஒருத்தருக்காக ஒருத்தர் முடிவு பண்ணியிருக்காங்க. நீ பண்ணினது என்ன? நான் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தேன், ஜெசிந்தா."

தத்துவம் என்றில்லாமல் அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தலை நிமிர முடியவில்லை. நான்கு மாதமாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் விலையைத் தவிர ஒன்றும் இல்லை என்று நானே தீர்மானித்துவிட்டேன். மனசு என்பது தத்துவம் படித்தவளுக்கு மட்டும் கொடுத்திருக்கிறது என்கிற திமிர். வெட்கமாக இருந்தது.

"கேக்க விட்டிருப்பீங்களா மேடம்? நிஜமா?"

உடனே ஆமாம் என்பார் என்று நினைத்தேன். அவர் யோசித்தார்.

"ரெண்டு நாள் உன்னோட சண்டை போட்டிருப்பேன். இங்க இருக்கிறவங்களை நினைச்சிருப்பேன். ராத்திரி தூக்கம் வந்திருக்காது. அப்புறம் நானே ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிப் போயிருப்பேன்" என்றார். "போயிருப்பேன்னுதான் நினைக்கிறேன். இனிமே தெரிஞ்சுக்க வழியில்லை. அதுக்குத்தான் உன்மேல கோபம்."

கண் கலங்கியிருந்தது அவருக்கு. மன்னிச்சிடுங்க என்றேன். வெளியே வசீகரன் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தான்.

கதவு வரை வந்துவிட்டேன். பிறகு நின்று திரும்பினேன். இவ்வளவு பயத்தோடு நான் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை.

"மேடம், நான் இங்கேயே இருக்கலாமா?"

மடித்த கடிதத்தை அவர் குப்பைக்கூடையில் போட்டார்.

"நிரந்தரம் இப்ப இல்லை. மூணு மாசம் கூட்டித் தரேன். அது முடிஞ்சதும் வந்து மறுபடி கேளு" என்றார். "நானா கூப்பிடுவேன்னு உட்கார்ந்திருக்காதே."